பச்சை நார்க் கட்டு

மலைக்குள் போகக்கூடாது என்று சட்டம் வந்த வருஷம் எனக்குச் சரியாக நினைவில்லை. எண்பதுகளின் கடைசி. கோர்ட்டுக்குப் போன வருஷம் தெரியும். அப்போது என் தம்பி மகன் கைப்பிள்ளை. அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் நினைவு வைத்திருக்கிறேன்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத வருகிறதை எழுதுகிறேன்.

எங்கள் தெரு ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற ரோட்டுப் பக்கம். ஆண்கள் மில்லுக்குப் போனார்கள். பாதிப் பேருக்கு அங்கே நிரந்தரம் கிடையாது. யாராவது லீவு போட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிடாத நாளும் வயிறு இருக்கிறதே. பெண்கள் விறகுக்குப் போனோம். காய்ந்த சுள்ளி, காற்றில் விழுந்த கொம்பு, இவ்வளவுதான். தலையில் சுமந்து வந்து டீக்கடைக்கும் வீடுகளுக்கும் போடுவோம். எங்கள் அம்மா போட்ட வீடுகளுக்கே நானும் போட்டேன்.

ஒரு நாள் அடிவாரத்தில் போர்டு வைத்தார்கள். மலையணிலுக்காக மலையைச் சரணாலயம் ஆக்கியாகிவிட்டது, உள்ளே வந்தாலும் குற்றம், குச்சி எடுத்தாலும் குற்றம் என்று எழுதியிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பும் போட்டார்கள். ஒரு முனையில் கல்லைக் கட்டியிருக்கும். கயிற்றை விட்டால் கம்பு மேலே போகும். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் பாரஸ்ட் கார்டு ஒருத்தர்.

அணிலோடு எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. அது மரத்து மேலே இருந்தது. நாங்கள் தரையில் கிடந்ததைப் பொறுக்கினோம். யாரும் எங்களைக் கூப்பிட்டு, நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள், எதை எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. போர்டு மட்டும் வைத்தார்கள்.

நாங்கள் போவதை நிறுத்தவில்லை. ரோட்டை விட்டு ஓடை வழியாகப் போனோம். கார்டைக் கண்டால் கட்டைப் போட்டுவிட்டு ஓடினோம். அகப்பட்ட கட்டையும் அருவாளையும் அவர் எடுத்துக்கொள்வார். எனக்கு அப்போது முப்பத்தைந்துக்கு மேல். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முள்ளுக்குள் ஓடுகிற வயசா அது. விறகு போனதைவிட அந்த ஓட்டம்தான் எனக்கு ஆறவில்லை. திருடாத ஆளை ஓட வைத்துவிட்டால் போதும், பார்க்கிறவனுக்குத் திருடன் மாதிரிதான் தெரியும்.

தம்பி பெண்டாட்டி பிள்ளை பெற்று ஏழாவது மாதம் மறுபடியும் எங்களோடு மலைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். தம்பிக்கு அந்த மாதம் மில்லில் நாலு நாள்தான் கூப்பிட்டிருந்தார்கள். வந்தாள்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்துவிட்டது. ஓடை வழி சுற்று. ரோடு நேர்.

"நான் ரோட்டோட போறேன் மதினி. பிள்ளை அழுதுகிட்டு இருப்பான்" என்றாள்.

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கட்டைத் தலையில் தூக்கிவிட்டதே நான்தான். விறகுக் கட்டைத் தானாகத் தலையில் ஏற்ற முடியாது. இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். நான் தூக்கிவிட்டேன். அவள் நேராகத் தடுப்புக் கம்புக்கே போய் நின்றாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அவளைக் காணவில்லை. ரேஞ்சர் ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆபீஸ் வராந்தாவில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கட்டு சுவரோரம் கிடந்தது. பிள்ளையை மடியில் போட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கொடுத்தாள். கார்டு ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். மலைப்பக்கத்து ஆள் இல்லை, அது பேச்சிலேயே தெரிந்தது. எழுதி முடித்து அவள் கைநாட்டை வாங்கினார். அதைப் படித்துக் காட்டவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சாயங்காலம் ஜாமீனில் விட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். பாரஸ்ட் கேஸ் பார்க்கிறவர். கோர்ட்டிலிருந்து கேஸ் பேப்பரை வாங்கிப் படித்தார்.

"பச்சை மரம் வெட்டுனதா போட்டிருக்கானேம்மா" என்றார். சுள்ளி என்றால் அபராதத்தோடு போய்விடும், சரணாலயத்துக்குள் பச்சை மரம் வெட்டினால் ஜெயில்தான் என்று சொன்னார்.

தம்பி பெண்டாட்டிக்கு முதலில் புரியவில்லை. பச்சையா, அதை யார் சுமப்பா என்று கேட்டாள். பச்சை விறகு இரண்டு மடங்கு கனம். எரியவும் செய்யாது. கொண்டுபோனால் டீக்கடைக்காரர் திருப்பி மூஞ்சியில் எறிவார். பிறகு அவளே சொன்னாள்.

"நார்தான் பச்சையா இருந்துச்சு."

விறகு காய்ந்தது. அதைக் கட்டுகிற நார் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். ஆத்தி மரத்தில் விரல் கனக் கொம்பு ஒன்றை ஒடித்து, பட்டையை உரித்து, அந்த ஈரத்தோடு கட்டுவோம். காய்ந்த நாரை முறுக்கினால் அறுந்து போகும். எங்கள் பக்கம் இது எல்லாருக்கும் தெரியும். கார்டுக்குத் தெரியவில்லை. கட்டைச் சுற்றிப் பச்சையைப் பார்த்திருக்கிறார், பச்சை மரம் என்று எழுதிவிட்டார்.

வக்கீல் ரேஞ்சர் ஆபீசுக்கே போய்க் கட்டைப் பார்த்துவிட்டு வந்தார். நார் காய்ந்து விறகு நிறத்துக்கே வந்துவிட்டது. அதைக் கோர்ட்டில் காட்டி ஒன்றும் ஆகாது, பச்சை விறகுதான் இத்தனை நாளில் காய்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்றார். ஒரே வழிதான் இருக்கிறது என்று ஒன்று சொன்னார். அந்தக் கட்டு என்னுடையது இல்லை, ரோட்டில் சும்மா வந்தேன், பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட வேண்டும். பார்த்த சாட்சி கார்டைத் தவிர யாரும் இல்லை.

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"எங்கட்டுதான சார். நான் சுமந்தத இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் அவன் சாப்பிடவில்லை. ஒரு பொய்யில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வீம்பு பண்ணுகிறீர்கள் என்று சத்தம் போட்டான். அவள் பாட்டுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"இவ உள்ள போயிட்டா பிள்ளைக்கு நீ பால் குடுப்பியாக்கா?"

எனக்குப் பிள்ளை கிடையாது. அவனுக்கும் அது தெரியும். சொன்ன பிறகு அவனே எழுந்து வெளியே போய்விட்டான்.

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். தண்ணீர் வரவில்லை. எல்லாரும் இருந்தார்கள். அப்போது சொன்னேன். வாய்தா அன்றைக்கு ஆளுக்கு ஒரு கட்டு தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவோம். பச்சை நார் போட்டு, முந்தின நாள் கட்டின கட்டு. எது காய்ந்தது, எது பச்சை என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் தெருவில் கோடி வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். வாய்க்காரி. ரேஞ்சர் வீட்டுக்கே விறகு போடுகிறவள் அவள்தான்.

"கையில கட்டோட போனா நம்மளையும்லா பிடிப்பான்?" என்றாள்.

"பிடிக்கட்டும்" என்றேன்.

"எம்புட்டு பேர பிடிப்பான்?"

"எம்புட்டு பேர் வாரிய?"

அவள் குடங்களை எண்ணிப் பார்த்தாள். வீட்டுக்கு ஒருத்தி என்றாலும் இருபத்துமூன்று பேர் என்றாள். ஓடி ஓடிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம், ஒரு நாளாவது நடந்து போவோம் என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

வக்கீலிடம் சொன்னபோது அவர் பயந்தார். குற்றத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருவதா, இருபத்துமூன்று பேர் மேலும் கேஸ் ஆகும், நான் பொறுப்பு இல்லை என்றார். நீங்கள் பொறுப்பு இல்லை சார், நாங்கள்தான் என்றேன்.

வாய்தாவுக்கு முந்தின நாள் மலைக்குப் போனோம். ஓடை வழியாகப் போனது அதுதான் கடைசி. சுள்ளியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினோம். ஒரு குச்சி சந்தேகமாக இருந்தாலும் ஒடித்துப் பார்த்துத் தள்ளினோம். ஆத்தி நாரை உரித்துக் கட்டி, அருவாளையும் கட்டிலேயே சொருகி, வீட்டுக்கு வந்து ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கட்டைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். நடைதான். ஊருக்குள் நடுரோட்டில் வரிசையாகப் போனோம். மில் ஷிப்டு மாறுகிற நேரம். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். நாங்கள் வழக்கமாக விறகு போடுகிற டீக்கடைக்காரர் கை தட்டிக் கூப்பிட்டார். இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போனோம். ஊர் எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். சின்ன வயசு.

"எங்க போறிய எல்லாரும்?"

"கோர்ட்டுக்கு. வாய்தா இருக்கு" என்றாள் கோடி வீட்டுக்காரி.

"விறகு எதுக்கு?"

"அதுக்கும்தான் வாய்தா."

அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர்களைத் தடுக்க முடியாது. விட்டுவிட்டார்.

பாதி வழியில் ஒரு பாலத்துச் சுவரில் கட்டுகளைச் சாய்த்து வைத்து இளைப்பாறினோம். அப்போதுதான் பின்னால் பார்த்தேன். தம்பி வந்துகொண்டிருந்தான். மில் சட்டை போட்டிருந்தான். தோளில் பிள்ளை. அன்றைக்கு அவனுக்கு வேலை இருந்தது. முந்தின நாளே கூப்பிட்டிருந்தார்கள். கிட்டே வந்து பிள்ளையை அவளிடம் கொடுத்தான். அவள் பால் கொடுத்து முடித்ததும் வாங்கிக்கொண்டான். திரும்பக் கிளம்பும்போது ஒவ்வொருத்தி கட்டையும் அவன்தான் ஒரு கையால் தூக்கிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடத்தில் எனக்குக் கழுத்து மரத்துவிட்டது. ஊருக்குள் நுழைந்ததும் பால்கோவாக் கடை வாசலில் நின்ற ஒருவர், கட்டு என்ன விலை என்று கேட்டார். நல்லாக் காய்ந்த விறகாக இருக்கிறதே, அத்தனையையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"விலைக்கு இல்லை. ஆனா காய்ஞ்சதுன்னு சொன்னிய பாருங்க, அத வந்து கோர்ட்டுல சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கோர்ட் வாசலில் சேவகர், டவாலி என்போம், தடுத்தார். கட்டுகளை மரத்தடியில் வரிசையாக அடுக்கினோம். இருபத்துமூன்று கட்டும் பச்சை வளையம் போட்டது போல் இருந்தது. பிறகு அவரவர் கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ரேஞ்சரும் கார்டும் வந்தார்கள். கார்டு முகம் சரியில்லை.

கேஸ் கூப்பிட்டார்கள். தம்பி பெண்டாட்டி கூண்டில் ஏறினாள். நாங்கள் வாசலை அடைத்து நின்றோம். வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வெளியே பார்த்தார். வயசான மனுஷர். ஒரு கட்டை உள்ளே கொண்டுவரச் சொன்னார். நான் அவள் கட்டையே எடுத்துக் கொடுத்தேன். யாருடையது என்று கேட்டார்.

"என்னுதுய்யா" என்று அவள் கூண்டுக்குள்ளிருந்து சொன்னாள். "நேத்து எடுத்தது."

ரேஞ்சர் உடனே எழுந்தார். பாருங்கள், அவளே ஒப்புக்கொள்கிறாள் என்றார். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொன்னார். பச்சையாக இருக்கிறதே என்று நாரைக் காட்டி அவளிடம் கேட்டார்.

"அது நார்ய்யா. விறகை ஒடிச்சுப் பாருங்க."

டவாலியை ஒடிக்கச் சொன்னார். டவாலி ஒரு குச்சியை உருவி ஒடித்தார். படார் என்று சத்தம் கேட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னார். அதுவும் ஒடிந்தது. பிறகு நாரைப் பிடித்து இழுக்கச் சொன்னார். டவாலி இரண்டு கையாலும் இழுத்தார். நார் அறுபடவில்லை.

மாஜிஸ்திரேட் கார்டைப் பார்த்துக் கேட்டார், அன்றைக்கு எத்தனை குச்சியை ஒடித்துப் பார்த்தீர்கள் என்று. கார்டு ரேஞ்சரைப் பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட் அவளிடம் திரும்பினார். வீட்டிலிருந்து கயிறு கொண்டு போனால் என்ன, மரத்தை ஏன் உரிக்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"கயிறு நடக்க நடக்க நெகிழும்யா. நார் காயக் காய இறுகும். பாதி வழியில கட்டு அவுந்தா திரும்பக் கட்டித் தூக்கிவிட ஆள் வேணும். ஆத்தியில ஒரு கொம்புதான் எடுப்போம். மழை விழுந்தா அதே இடத்துல ரெண்டு புதுக் கொம்பு தளுக்கும்."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ரேஞ்சர் விடவில்லை. சுள்ளியானாலும் குற்றம்தான், வெளியே நிற்கிற அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றார். வாசலிலிருந்து கோடி வீட்டுக்காரி சத்தமாகவே கேட்டாள்.

"உங்க வீட்டு வெந்நி அடுப்புல எரியுதே, அது யார் போட்ட விறகுய்யா? போன வாரம் நாந்தான கொண்டாந்து எறக்குனேன்?"

கோர்ட் முழுக்கச் சிரித்தது. டவாலி சத்தம் போட்டு அடக்கினார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, பேப்பரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பச்சை மரம் என்பதை அடித்துவிட்டார். பிள்ளைக்காரிக்கு ஜெயில் இல்லை என்று வக்கீல் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். தம்பி வராந்தாவிலிருந்து பிள்ளையை உயர்த்தி அவளுக்குக் காட்டினான்.

ஆனால் அனுமதி இல்லாமல் உள்ளே போனது குற்றம், அதை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"விறகு எடுத்தேன். குத்தம்னு ஒத்துக்கிட மாட்டேன்" என்றாள்.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் எழுத முடியும் என்று கிளார்க் சொன்னார். அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள். ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். கோர்ட் கலைகிற வரைக்கும் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தண்டனை. பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளையை உள்ளே கொடுத்தோம்.

எங்கள் மேல் கேஸ் எழுத ரேஞ்சர் மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பேர், புருஷன் பேர், கட்டு ஒன்று, அருவாள் ஒன்று. ஒன்பது பேருக்கு எழுதினார். அச்சடித்த கேஸ் பாரம் தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். யாரும் நகரவில்லை. நான் பத்தாவது ஆள்.

"எம்பேரையும் எழுதுங்க" என்றேன்.

"பாரம் இல்லம்மா."

"வெள்ளைப் பேப்பர்ல எழுதுங்க. நானும்தான எடுத்தேன்."

"போங்கன்னுதான சொல்லுறேன், விட்டாச் சரின்னு போவியளா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். கோடி வீட்டுக்காரி குமாஸ்தா ஒருவரிடம் பேப்பர் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் எழுதினார். மணி நாலுக்கு மேல் ஆகிவிட்டது. என் பேரை நானே எழுதினேன். மற்றவர்கள் கைநாட்டு.

கட்டுகளைக் கோர்ட் சொத்து என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கேஸ் அபராதத்தோடு முடிந்த மறு வாய்தாவுக்குப் போனபோது அதில் பாதிக்கு மேல் இல்லை. கோர்ட் வாசல் டீக்கடையில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அருவாள்களும் திரும்பி வரவில்லை. புது அருவாள் அடித்துக்கொண்டோம்.

தம்பி பெண்டாட்டி கேஸ் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே மலைக்குப் போனோம். ரோட்டு வழியாக. காலையில் கையை வீசிக்கொண்டு போகும்போது தடுப்புக் கம்பைக் குனிந்து தாண்டினோம். கார்டு கொட்டகையில் இருந்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் கட்டோடு திரும்பினோம். முன்னால் தம்பி பெண்டாட்டி. கம்பு கீழேதான் கிடந்தது. தலையில் கட்டோடு குனிய முடியாது. அவள் கம்புக்கு முன்னால் போய் நின்றாள். அவள் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள்.

கார்டு எழுந்து வந்தார். ஓடை வழியாகப் போயிருக்கலாம் அல்லவா, நான் பார்க்காத மாதிரி இருந்திருப்பேனே என்றார். கெட்ட மனுஷர் இல்லை.

"ஓடையில முள்ளு கெடக்கு. கம்பத் தூக்குங்க" என்றாள்.

"தூக்குனா என் வேலை போயிரும்மா."

"தூக்க வேண்டாம். நிக்கோம்."

நின்றோம். வெயில் நல்ல வெயில். கழுத்து வலித்தது. யாரும் கட்டை இறக்கவில்லை. இறக்கினால் திரும்பத் தூக்கிவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கோவிலுக்குப் போகிற வேனும் வந்து நின்றது. வேனிலிருந்து ஒருவர் இறங்கி, கம்பைத் தூக்குங்கள் சார், பெண்பிள்ளைகள் சுமையோடு நிற்கிறார்கள் என்று கார்டிடம் சொன்னார்.

கார்டு எங்களைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். கம்பு மேலே போனது. அவள் முதலில் நடந்தாள்.

அதன் பிறகும் பிடித்தார்கள். இரண்டு மூன்று தடவை பேர் எழுதினார்கள். நாங்களும் எழுதிக் கொடுத்தோம். கட்டைப் போட்டுவிட்டு யாரும் ஓடவில்லை. பச்சை மரம் என்று எவர் மேலும் எழுதவில்லை. அந்தக் கார்டு மாற்றலாகிப் போகிற வரைக்கும், கட்டைப் பார்த்தால் முதலில் ஒரு குச்சியை உருவி ஒடித்துப் பார்ப்பார்.